முட்டுக்கட்டைக்கு உரிமைக்காரர்

தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சுடலையாண்டிக்கு, வடம் பிடிக்க வந்த ராஜாவின் பின்னால் நின்ற காரியக்காரர் வைத்தியலிங்கத்தின் சிரிப்பே சரியாகப் படவில்லை.

"கட்டை கொடுத்துத் தேரை நிறுத்துற யோசனை என்னுது. ராஜா முத்திரை போட்ட ஓலை இருக்கு. பாதிக் கூலியை எனக்குத் தராம இனி எவனும் கட்டையைத் தொடக்கூடாது" என்றார் அவர்.

"எல்லா ஊர்க் கட்டையும் உங்களுதா சாமி?" என்று இழுத்தான் சுடலையாண்டி.

"எல்லாம்தான்."

"நல்லதாப் போச்சு. மகாராஜா, கட்டை வழுக்கி எது இடிஞ்சாலும் கட்டைக்கு உரியவன்தானே கட்டித் தரணும், அதானே வழக்கம்? போன வருசம் தலைநகர்த் தேர் இடிச்ச அரண்மனை மதிலை இனி ஐயா கட்டித் தருவாரு."

"அந்தக் கட்டை என்னுது இல்லை" என்றார் வைத்தியலிங்கம் அவசரமாக.

ராஜா ஓலையைக் கேட்டுக் கை நீட்டினார். அது இரண்டாகக் கிழிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுடலையாண்டி கட்டையைக் கையில் எடுத்தான்.