சுவரில் நின்றவள்

அம்பாசமுத்திரத்து ஆவுடையப்பன் பழைய வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்குவார். ஒரு கை வெள்ளையடித்து இரட்டை விலைக்குத் தள்ளிவிடுவார்.

ஆற்றோரத்து வீடொன்று மட்டும் அவருக்கு மசியவில்லை. அதன் கூடத்துச் சுவரில், ஒன்றரை முழ உயரத்தில் ஒரு பெண் நிற்பதுபோல் ஈரக்கறை. வெள்ளையடிக்க வந்த பேச்சியம்மாள் மூன்று தடவை பூசியும், அந்த உருவம் திரும்பவும் வந்து நின்றது. முதலில் முதுகு காட்டி நின்றது, இப்போது வாசலைப் பார்த்தது.

“வீடு வாங்குறவரு இப்ப வந்துருவாரு. இந்தக் கறை அவரு கண்ணுல பட்டுச்சுன்னா, ஊருல ஒருத்தனும் ஒனக்கு வேலை தரமாட்டான்!” என்று ஆவுடையப்பன் உறுமினார்.

“முக்காலி போட்டிருக்கேன் மொதலாளி. நீங்களே சுவத்துல சாஞ்சு உக்காந்து மறைச்சுக்கிடுங்க.”

அவரும் சாய்ந்து உட்கார்ந்தார். “சுவரெல்லாம் பாறைங்க! சொட்டு ஈரம் கிடையாது” என்று வீடு வாங்க வந்தவரிடம் அளந்தார். பேரம் படிந்ததும் எழுந்து, பத்திரம் எடுக்கத் திரும்பினார்.

ஆவுடையப்பனின் வெள்ளைச் சட்டை முதுகில் அந்தப் பெண் நின்றாள். அவர் தோளில் ஐந்து விரல் ஈரம். வந்தவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

“சுவத்துல கறையே இல்ல மொதலாளி, பாத்துக்கிடுங்க” என்றாள் பேச்சியம்மாள்.

ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றி வீசினார். தோளில் விரல்கள் அப்படியே இருந்தன.