பாகற்காய் சேராத கூட்டு

நீலமேகத்துக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கும்பகோணத்துப் பட்டுக்கடை ஒன்றில் முப்பது வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் சேலை அடுக்கிவிட்டு, போன மார்கழியில்தான் நீலமேகம் காவிரிக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார். கடையை விட்டு வந்தார். அடுக்குகிற புத்தி கூடவே வந்துவிட்டது.

அந்த மடத்தில் காணும் பொங்கலன்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு காய் வரும். எல்லாவற்றையும் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்குவார்கள். ஊரே சுற்றி நின்று பார்த்த பிறகு, அத்தனையையும் நறுக்கி ஒரே அண்டாவில் கூட்டு வைப்பார்கள். ருசி வருஷத்துக்கு வருஷம் மாறும். யாரும் குறை சொன்னதில்லை.

இந்த வருஷம் அடுக்குகிற வேலை நீலமேகத்துக்கு. மனிதர் சும்மா விடுவாரா? நடுவில் பரங்கிக்காய், சுற்றி வெள்ளை முள்ளங்கி, அதைச் சுற்றிக் கத்தரி, ஓரமெல்லாம் அவரை என்று இழைத்து இழைத்து அடுக்கினார். பார்த்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.

ஒரே ஒரு காய் மட்டும் அந்த அழகுக்குள் அடங்கவில்லை. பக்கிரிசாமி கொண்டுவந்த பாகற்காய். கோணலாக, பழுத்து மஞ்சளாகி, வாய் பிளந்து கிடந்தது. நீலமேகம் அதை மாட்டுத் தொட்டியில் போட்டார்.

பந்தி முடிந்து, கடைசியாக உட்கார்ந்த குரு கூட்டை ஒரு வாய் வைத்தார்.

"கசக்கலையே ஐயா."

"கூட்டு ஏன் சாமி கசக்கணும்?"

"பக்கிரிசாமி பாகற்காய் கொண்டாந்தாரே."

நீலமேகம் தொட்டி விஷயத்தைச் சொன்னார்.

"அவர் சாப்பிட்டாரா?"

அப்போதுதான் நீலமேகத்துக்கு உறைத்தது. பக்கிரிசாமி தாம்பாளத்தை மூன்று முறை சுற்றி வந்தார். தன் கைவேலையை ரசிக்கிறார் என்று நினைத்து இவர் பூரித்துப்போய் நின்றிருந்தார். பந்தியில் அந்த முகத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"தெரியலை சாமி."

குரு ஒரு வார்த்தை திட்டவில்லை. கூட்டை ஒதுக்கிவிட்டு, வெறும் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார்.

நீலமேகம் தொட்டிக்கு ஓடினார். தொட்டி காலி. பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து பக்கிரிசாமி வீட்டுக்கு ஓடினார். தெருவெல்லாம் கோலமும் கரும்புமாக இருக்க, அந்த வாசல் மட்டும் வெறுமனே கிடந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"அதனால என்னங்க? அழுகப்போற காய்தானே" என்றார் பக்கிரிசாமி.

"நீங்க மூணு தடவை சுத்திச் சுத்தித் தேடினீங்களே."

பக்கிரிசாமி வேலியில் காய்ந்து கிடந்த கொடியைக் காட்டினார்.

"என் வீட்டுக்காரி ஆடியில ஊனின கொடிங்க அது. ஐப்பசியில அவ போயிட்டா. சாவு விழுந்த வீடு, எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் இல்ல. கொடியில கடைசியா நின்னது அது ஒண்ணுதான். மடத்துக் கூட்டுலயாவது அவ காய் வேகட்டுமேன்னு கொண்டாந்தேன்."

நீலமேகம் தலையைத் தூக்கவில்லை.

"விடுங்க. தெரிஞ்சா செஞ்சீங்க? ஒரு வாய் தண்ணி குடிங்க."

நீலமேகம் வாங்கிய செம்பை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு நடந்தார்.

அவர் திரும்பி வந்தபோது குரு கிணற்றடியில் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னார்?"

"விட்டுடுங்கன்னார் சாமி. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை." நீலமேகத்தின் குரல் உடைந்தது. "அவர் விட்டுட்டார். என்னாலதான் விட முடியலை. நெஞ்சைப் போட்டு அறுக்குது. இதை எப்படித் தொலைக்கிறது? ஒரு வழி சொல்லுங்க."

குரு தாம்பாளத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் ஐயா தொலைக்கணும்? பத்திரமா வெச்சிருங்க. அடுத்த வருஷமும் தாம்பாளம் அடுக்கப்போறது நீங்கதான்."