விபூதி போட்டுத் தேய்த்த காசு

சிவசைலம் சாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குரு ஜன்னத் மேடத்துக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பழைய காசு, வெளிநாட்டுக் காசு சேர்க்கிறவர்களுக்கு மேடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியில் வகுப்பு எடுப்பார். நாங்கள் ஏழெட்டுப் பேர் போவோம். வயசைப் பார்த்தால் பாடம் ஏறாது என்று சார் சொல்வார். மேடம் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

ஜெர்மனியில் அந்த ஊர்ப் பழங்கதைகளை வைத்து வெள்ளியில் நினைவுக் காசு போடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கிற மகன் சாருக்கு ஒவ்வொன்றாக அனுப்பிவைப்பான். அதில் ஒரு காசு என்றால் சாருக்கு உயிர். ரொட்டி, குல்லா, கவுன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பனிக்காட்டில் வெறும் உள்சட்டையோடு நிற்கிற ஓர் அநாதைப் பெண் அதில் இருக்கிறாள். வானத்து நட்சத்திரங்கள் அவள் மேல் வெள்ளிக் காசாக விழுகின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் சார் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். காபி ஆறிப்போகும், கதை முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். உட்காரவில்லை. அந்தக் காசை மேடம் முன்னால் வைத்தார்.

"மேடம், இதப் பழையபடி ஆக்க முடியுமா?"

லென்ஸ் வைத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. வெள்ளிக் காசில் வருஷக்கணக்கில் தானாக ஏறுகிற கருமையைத் தொடவே கூடாது என்பதுதான் மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இந்தக் காசோ குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பெண்ணைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல். சாருடைய மனைவி ஆவுடையம்மாள் சரஸ்வதி பூஜைக்காக வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார். கையோடு காசு டப்பியைத் திறந்து இதையும் எடுத்துத் தேய்த்துவிட்டார்.

அன்றிலிருந்து சார் வீட்டில் வாயைத் திறப்பதில்லையாம். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறாராம். கல்யாணமான நாளிலிருந்து இப்படி இருந்ததே இல்லை, இனிமேல் எப்படிப் பேசுவதென்றும் தெரியவில்லை என்றார். எங்களுக்கெல்லாம் சங்கடமாகப் போய்விட்டது.

"முடியாது சார்," என்றார் மேடம். "கீறினது கீறினதுதான்."

சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எல்லாக் காசையும் தேச்சாங்களா?"

"இல்ல மேடம். இது ஒண்ணத்தான்."

"ஏன் இத மட்டும்?"

சார் முழித்தார். அதை அவர் கேட்கவே இல்லையாம். திட்டத் தோன்றியிருக்கிறது, கேட்கத் தோன்றவில்லை. மேடம் அவர் சட்டைப்பையில் இருந்த செல்போனைப் பார்த்தார்.

குரு பார்த்துவிட்டால் தப்பமுடியுமா. சார் வேண்டாவெறுப்பாக வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏன் தேய்ச்ச?"

பூஜைக்குப் பிறகு மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் பிள்ள மூஞ்சி கறுத்துக் கெடந்துச்சு. இருந்ததயெல்லாம் குடுத்துட்டு நிக்குத பிள்ள. பூசை நாளும் அதுவுமா அப்படியே விடச் சொல்லுதியளா?"

சார் போனை வைத்துவிட்டார். பைத்தியக்காரி என்று முணுமுணுத்தார். கோபம் பாதிதான் மிச்சமிருந்தது. காசைப் போய்ப் பிள்ளை என்கிறாளே என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

மேடம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அதே காசு அவரிடமும் ஒன்று இருந்தது. டப்பி திறக்காதது, ஓரத்திலிருந்து கருமை பக்குவமாக ஏறியது. இப்படி ஒரு காசு எங்கள் யாரிடமும் கிடையாது. அதைச் சார் பக்கம் நகர்த்தினார்.

"இத நீங்க வச்சுக்கோங்க. அத எனக்குக் குடுங்க."

எங்களுக்கு வயிறு எரிந்தது. மனுஷன் கும்பிடாத குறையாகக் கையை நீட்டினார். பாதியில் ஏனோ கை நின்றது.

"கெட்டுப்போன காசு உங்களுக்கு எதுக்கு மேடம்?"

"எங்கிட்ட இருக்கிற பிள்ள முகத்த இதுவரைக்கும் யாரும் தொடச்சுவிட்டதில்ல சார்."