அணில் திருத்திய எலி வளை

ஏரிக்கரைச் சரிவில் வளை தோண்டி, தவசி என்ற எலியும் அவன் மனைவி கோமளியும் வாழ்ந்து வந்தார்கள். அவர்களுக்கு நான்கு குஞ்சுகள். வாசல் ஓர் எலி நுழையும் அளவுதான். உள்ளே போகும் வழி இரண்டு இடத்தில் வளைந்து போகும். கடைசியில் ஓர் அறை. அதன் மூலையில், வெளியே தப்பிக்க ஒரு சின்னப் பொந்து.

கரைமேல் நின்ற புளியமரத்தில் பூவரசி என்ற அணில் இருந்தாள். ஒரு நாள் கோமளி அவள் வீட்டுக்குப் போனாள். மரப்பொந்துக்குள் வெயில் பளிச்சென்று விழுந்தது. இலவம்பஞ்சு மெத்தை அழுந்தி அழுந்தி எழுந்தது. திரும்பி வந்தவளுக்குத் தன் வீட்டில் எதுவும் பிடிக்கவில்லை.

"பட்டப்பகலில்கூடப் பிள்ளைகள் முகம் தெரியவில்லை! இதெல்லாம் ஒரு வீடா?" என்றாள்.

மறுநாளே பூவரசியை அழைத்து வந்தாள். அணில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"அக்கா, வழியை நேராக்குங்கள். வாசலையும் அகலமாக்குங்கள். வெளிச்சம் கொட்டும்! மூலையில் இந்தப் பொந்து எதற்கு? பஞ்சை வைத்து அடைத்தால் அருமையான மெத்தை ஆகிவிடும்!"

"அந்தப் பொந்து அவசரத்துக்கு வேண்டும்" என்றான் தவசி.

"அவசரம் வந்து எத்தனை நாளாச்சு?" என்று கோமளி மடக்கினாள்.

தவசி தோண்டத் தொடங்கினான். மூன்று நாளில் வேலை முடிந்தது. வாசலில் நின்றால் கடைசி அறைவரை தெரிந்தது.

நான்காம் நாள் உச்சிவேளை. ஏரியில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று அடங்கின. அறையில் வெளிச்சம் மங்கியது.

"மேகமா?" என்று கோமளி எட்டிப் பார்த்தாள்.

மேகம் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சாரைப்பாம்பின் தலை!

"போன மாதம் இங்கே மூக்கைக்கூட நுழைக்க முடியவில்லை" என்றது பாம்பு. "நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்!"

அவசரமே இல்லாமல், நேரான வழியில் அது வழுக்கி வந்தது.

"மூலைக்கு ஓடு!" என்று தவசி கத்தினான்.

கோமளி பஞ்சில் பாய்ந்தாள். இறுக்கி அடைத்த பஞ்சு! கடித்து இழுத்தால் இழை இழையாகத்தான் வந்தது. பல்லில் சிக்கியது. மூச்சு முட்டியது. குஞ்சுகள் அவள் வயிற்றுக்கடியில் நடுங்கின. தவசி வழியில் நின்று, பின்னங்கால்களால் மண்ணை வாரிப் பாம்பின் கண்ணில் இறைத்தான்.

மரத்திலிருந்து பூவரசி பார்த்தாள். வாசலுக்கு வெளியே பாதிப் பாம்பு நெளிந்துகொண்டிருந்தது. "ஐயோ!" என்று அலறி இறங்கினாள். பொந்தின் வெளிப்பக்கம் போய் இரண்டு கையாலும் பஞ்சைப் பிய்த்தாள்.

"அக்கா, உள்ளேயிருந்து தள்ளுங்கள்! தள்ளுங்கள்!"

பஞ்சு பிதுங்கிக்கொண்டு வெளியே விழுந்தது. ஒரு குஞ்சு, இரண்டு, மூன்று, நான்கு. பின்னாலேயே கோமளி. கடைசியாகத் தவசி பாய்ந்தபோது பாம்பு அவன் வாலைக் கவ்வியது. அவன் ஓங்கி உதறினான். பாதி வால் அதன் வாயிலேயே போய்விட்டது.

புளியமரத்தின் வேரடியில் பதுங்கி எல்லோரும் காத்திருந்தார்கள். பாம்பு வெளியே வரவில்லை. அந்த வீடு அதற்குப் பிடித்துப்போயிற்று.

"என்னால்தான் அக்கா எல்லாம்" என்று பூவரசி அழுதாள்.

"நீ உன் வீட்டைப் பார்த்துச் சொன்னாய். என் வீட்டைப் பற்றி நானல்லவா யோசித்திருக்க வேண்டும்!" என்றாள் கோமளி.

பொழுது சாய்வதற்குள் ஆவாரம்புதரடியில் புது வளை தோண்டத் தொடங்கினார்கள். பூவரசி உடனே எதிலும் கை வைக்கவில்லை.

"முதலில் சொல்லுங்கள். எங்கே தூங்குவீர்கள்? ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்று கேட்டாள்.

தவசி வால்காயத்தை நக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னான்.

ஒரு வீட்டை அழகாக்க நினைப்பவர், அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது, அதைச் சுற்றி என்ன இருக்கிறது, அதில் இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும்.