நானூறு வாட் பல்பு

மலேசியாவில் கிள்ளான் பட்டணத்தில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு குரு உண்டு. பெயர் தவமலர். முப்பது வயதுகூட ஆகவில்லை. வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறாள். தலை நரைத்தவர்கள்கூட அவளைச் ‘சிஃபு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் குருவுக்கு அதுதான் பெயர்.

சீடர்களிலேயே பெரிய பிடிவாதக்காரர் சடையப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பவளம் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல, மகன் குமணன் வாங்கியது. அவன் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். தொட்டிதான் மிஞ்சியது. அதற்குப் பிறகு மனைவி அஞ்சலை படுத்த படுக்கையாகிவிட்டாள். தொட்டி விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் எழுந்து வந்து முன்னால் உட்காருவாள், ஒரு வாய் சாப்பிடுவாள். அந்த ஒரு வாய்க்காகத்தான் அவரும் சிஃபுவிடம் வந்து சேர்ந்தார்.

“பல்பை வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும் அங்கிள். அப்புறமும் எரியும். ஆனா பவளத்துக்கு வேண்டிய வெளிச்சம் அதுல இருக்காது. நம்ம கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது,” என்று சிஃபு படித்துப் படித்துச் சொன்னாள்.

“என் பையன் மாட்டுன பல்பு,” என்றார் சடையப்பன். மாற்றவில்லை.

பவளங்கள் பழுப்பேறி ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. உறைத்த பிறகாவது சும்மா இருந்தாரா? யாரிடமும் கேட்காமல், இருநூற்றைம்பது வாட் எரிந்த இடத்தில் நானூறு வாட் பல்பைச் சோக்கோடு வாங்கி மாட்டினார். பட்டினி போட்டதற்கெல்லாம் சேர்த்துப் படைக்கிற நினைப்பு. விடிந்ததிலிருந்து படுக்கப்போகும்வரை எரியவிட்டார். அந்த வாரமே ஒருநாள் விடியலில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், பவளம் வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தது.

கடைக்கு வந்து நின்றார்.

“வெளிச்சம் பத்தாம மத்ததெல்லாம் செத்துச்சு. வெளிச்சம் குடுத்தா இதுவும் சாகுது. எந்தப் பல்பைத்தான் மாட்டித் தொலைக்கிறது சிஃபு?”

சிஃபு எழுந்தாள். கடைக்குப் பின்னால் ஜன்னலில்லாத சரக்கறை ஒன்று இருக்கிறது. “உள்ள உக்காருங்க அங்கிள்,” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

கும்மிருட்டு. சடையப்பனுக்கு முதலில் கோபம் வந்தது. எவ்வளவு நேரம்தான் கோபத்தோடு உட்கார்ந்திருப்பது? அதுவும் போய்விட்டது. மகன் ஞாபகம் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதார்.

கதவு திறந்தது. சிஃபு அவர் தோளைப் பிடித்துப் பின்சந்துக்கு இழுத்துப் போனாள். உச்சி வெயில். சடையப்பன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“கையை எடுங்க.”

“கூசுது. முடியல.”

“அவ்வளவு நேரம் இருட்டுல இருந்தீங்களே, வெயில் நல்லதுதானே?”

“உனக்கென்ன பைத்தியமா? கொஞ்சம் கொஞ்சமாத்தானே கண்ணு…”

பொத்திய கை பொத்தியபடியே இருந்தது.

“பவளத்துக்குப் பொத்திக்கக் கை இல்ல அங்கிள்,” என்றாள் சிஃபு.

சந்தில் ஒரு வேன் போனது. சடையப்பன் கையை இறக்கினார்.

“பிழைக்குமா?”

“விளக்கை நல்லா மேல தூக்கிக் கட்டுங்க. தொட்டி மேல கொசுவலையை நாலு மடிப்பாப் போடுங்க. பகல்ல கொஞ்ச நேரம் எரிஞ்சா போதும். அப்புறம் மடிப்பை ஒவ்வொண்ணா எடுக்கலாம்.”

“பிழைக்குமான்னு கேட்டேன்.”

“அநேகமா பிழைக்காது.”

சடையப்பன் சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் கொன்னேன்.”

சிஃபு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அஞ்சலை இன்னும் பார்க்கல,” என்றார். “விளக்கு ரிப்பேருன்னு சொல்லித் தொட்டி மேல போர்வையப் போட்டு மூடி வெச்சிருக்கேன். அந்தப் போர்வை முன்னாலயே வந்து உக்காந்துட்டுப் போறா. சாப்பிடறதும் இல்ல. பார்த்தா தாங்க மாட்டா. போர்வைய எடுக்கவா, வேணாமா?”

“எடுத்துடுங்க அங்கிள். ஆன்டிக்குப் பொத்திக்கக் கை இருக்கு.”