ஜெபமலரின் விலாசம்

“குருவே, அழிச்சிட்டேன். ஆனாலும் இருக்கு. தலையும் புரியல, வாலும் புரியல.”

கேட்டவர் இருதயராஜ். வயது ஐம்பத்திரண்டு. குரு தாட்சாயணிக்கு இருபத்தொன்பது. பெண்கள் காப்பகத்துக்குச் செயலி எழுதும் எங்கள் நாலு பேரில் அவளைக் குருவே என்று கூப்பிட்டது முதலில் கிண்டலுக்குத்தான். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

எங்கள் செயலியின் நிரல் ‘கிட்’ என்ற இணையக் கிடங்கில் இருக்கிறது; யாரும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். அதில் மாதிரிக்கு என்று இருதயராஜ் ஒரு விலாசம் போட்டிருந்தார். நல்ல மாதிரி! காப்பகத்தின் உதவியோடு ஜெபமலர் ஒளிந்திருக்கும் வீட்டின் நிஜ விலாசம் அது. அடிக்கிற புருஷன் அவளை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

“எப்படி அழிச்சீங்க?”

“அந்த வரியை எடுத்துட்டேன்.”

“கிட்ல பழைய வடிவமெல்லாம் அப்படியே இருக்குமே சார்.”

போனார். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்தார். திரும்பி வந்தார்.

“பழசையெல்லாம் அடியோட மாத்தி எழுதிட்டேன்.”

“சரிபார்த்தீங்களா?”

“சரிபார்க்கறதுக்குன்னே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். அந்த விலாசம் எங்க இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்.”

“அந்த ஸ்கிரிப்டை எங்க வச்சீங்க?”

“கிட்லதான்.”

தாட்சாயணி விலாசத்தைத் தேடினாள். ஒரு இடத்தில் இருந்தது.

இருதயராஜ் திரையைக் குனிந்து பார்த்தார். அவருடைய ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியில் கதவு எண், தெரு, பின்கோடு, எல்லாம் இருந்தது. எதைத் தேடணும் என்று அதற்குச் சொல்லித்தானே ஆகணும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அதையும் வேரோடு எடுத்தார். குரு புதிதாக ஒரு நகலை இறக்கி, முதல் நாளிலிருந்து எல்லா வடிவத்திலும் தேடினாள். எங்குமே இல்லை.

“இப்ப சுத்தமா குருவே?”

“இங்க சுத்தம்.”

“இங்கன்னா?”

“நாலு நாள் திறந்து கிடந்துச்சு சார். பதினேழு பேர் நகல் எடுத்திருக்காங்க.”

“யார் யாரு?”

“எண்ணிக்கைதான் காட்டும். பேர் காட்டாது.”

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப... அதையெல்லாம் எப்படி அழிக்கிறது? எந்தக் கட்டளை? எனக்கு ஒண்ணும் விளங்கல, சொல்லுங்களேன்.”

தாட்சாயணி எழுந்து போய், ஆணியில் தொங்கிய காப்பகத்து வேன் சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“ஜெபமலர்கிட்ட சாமான் அதிகம் இருக்காது. ஒரே நடையில ஏத்திடலாம்.”