ஏழு பாய்ச் சுருள்

அன்று பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வாள் ஆசிரியை ஓரியே. சோயா சாஸ் வடிக்கும் கென்ஸ்கே. ஓய்வுபெற்ற தபால்காரர் சபூரி. பொதுக் குளியல்கூடம் நடத்தும் நூயி. படகு கட்டும் அண்ணன் தம்பி இருவர். ஏழாவது ஆள், கூரைக்கு ஓடு வேயும் தெய்சோ. ஆறு பேர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெய்சோ மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்.

சுவரில் ஏழு ஆணிகள், ஏழு பெயர்ப்பலகைகள். வெளியே தொட்டியில் ஊறிய பாய்ச் சுருள்களைத் தெய்சோ உள்ளே வரும்போதே எண்ணிவிட்டார். ஓடு எண்ணிப் பழகிய கண். அவையும் ஏழு. இந்த வருடம் ஆறு போதும் என்று போன வாரமே அவர் சொல்லியிருந்தார்.

அது ஜப்பானின் வடக்குக் கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊர். வருடத்துக்கு ஒருமுறை அங்கே வெட்டு நாள் வரும். பழைய கோரைப்பாயைச் சுருட்டிக் கட்டி, ஊறவைத்து, தனித்தனி முளையில் செருகி நிறுத்துவார்கள். அதன் எதிரே மண்டியிட்டு, குதிகால்மேல் உட்கார்ந்து, உறையிலிருந்து வாளை உருவும் வீச்சிலேயே சுருளை வெட்ட வேண்டும். ஆளுக்கு ஒன்று. மூன்று வெட்டு நாள் தொடர்ந்து வெட்டாதவர் தன் பலகையைத் தானே கழற்றிக்கொண்டு போய்விடுவார். யாரும் அவரிடம் சொல்வதில்லை. சொல்லும்படி வைத்துக்கொள்வது அவமானம்.

தெய்சோ மூன்று வருடத்துக்கு முன் கோயில் கூரையிலிருந்து விழுந்தவர். இடது முழங்கால் மடங்காது. நின்று செய்யும் பயிற்சிகளுக்குத் தவறாமல் வந்தார். முதல் வெட்டு நாளன்று இருமல் என்றார். இரண்டாவதற்கு வெளியூரில் வேலை என்றார். இன்று மூன்றாவது. பலகையைச் சுற்றி எடுத்துப்போக ஒரு துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். அது அந்த ஆணியில் இருபத்தொரு வருடம் தொங்கிய பலகை.

ஓரியே அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஆசிரியரை அழைக்கும் முறைப்படி சென்செய் என்றுதான் அவரைத் தெய்சோ அழைப்பார். ஓரியே மரியாதைக்குச் சான் சேர்த்து, தெய்சோ சான் என்பார்.

"சென்செய், சொல்லிக்கொண்டு போக வந்தேன்."

"போகலாம். அதற்கு முன் உங்கள் வாளைக் காட்டுங்கள்."

தெய்சோ இரண்டு கைகளாலும் கொடுத்தார். ஓரியே வாளைப் பார்க்கவில்லை. உறையின் வாயைக் கட்டைவிரலால் தடவினார்.

"கீழ்ப்பக்கம் தேய்ந்திருக்கிறது."

"பழைய உறை."

"தேய்மானம் புதுசு. நின்றபடி உருவினால் இந்த இடம் தேயாது."

தெய்சோவின் காதுகள் சிவந்தன.

"வீட்டில் கூரை ஓடு வந்த பெட்டியின்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு உருவுவேன். அது பயிற்சி இல்லை, சென்செய். சும்மா."

"தினமும் எத்தனை தடவை?"

"நாற்பது."

"எத்தனை நாளாக?"

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு."

"சும்மா செய்ததற்கே இவ்வளவு கணக்கு," என்றார் கென்ஸ்கே. "பயிற்சி என்று நினைத்திருந்தால் நகராட்சியில் போய்ப் பதிவு செய்திருப்பார்."

ஓரியே உறையைக் கீழே வைத்தார்.

"சாப்பிடும்போது எப்படி உட்காருவீர்கள், தெய்சோ சான்?"

"அதே பெட்டியில்தான்."

"நீங்கள் சாப்பிடும்போது பகைவன் வந்து நின்றால்? சற்று இரு, மண்டியிட்டுக்கொள்கிறேன் என்பீர்களா?"

நூயி குனிந்து சிரிப்பை மறைத்தார். தெய்சோ சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்குப் பகைவன் வரமாட்டான், சென்செய். இங்கே வெட்டு நாள் வந்திருக்கிறது. மண்டியிடுவது இங்கே வழக்கம். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அதை வளைத்தால், அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும்."

ஓரியே கென்ஸ்கேயின் பக்கம் திரும்பினார். அவர் சாஸ் புட்டிகள் கொண்டுவந்த மரப்பெட்டியைக் காலி செய்து எடுத்துவரச் சொன்னார். அதை, முளையில் செருகிய தன் சுருளின் முன் ஓரியே போட்டார். ஒரு மரவாளைத் தன் இடது காலோடு சேர்த்து வைத்து, முழங்காலுக்கு மேலும் கீழும் இறுக்கிக் கட்டினார். கால் விறைத்து நீண்டது. பெட்டியில் உட்கார்ந்தார். வாளை உருவினார்.

வாள் பாயில் பாதிவரை இறங்கி நின்றுவிட்டது. உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. நூயி தோளைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

ஓரியேயின் வாள் பாதியில் நின்று தெய்சோ பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"அடுத்தவர்," என்றார் ஓரியே, காலின் கட்டுகளை அவிழ்த்தபடி.

கென்ஸ்கே எழுந்தார். "என் பெட்டி. எனக்குத் துரோகம் செய்யாது."

சிறிது நேரத்தில் அவருடைய வாள் பாயில் இருந்தது, அவர் தரையில் இருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள்.

சபூரியின் வாள் கால்வாசி போனது. நூயியுடையது முக்கால்வாசி. அண்ணனுடையது ஒரு விரல் ஆழம். தம்பி மூன்று தடவை முயன்றும் வாளை முழுதாக வெளியே எடுக்க முடியவில்லை, உறை பெட்டியில் போய் இடித்தது. கடைசியில் எடுத்தார். வாள் பாயைத் தொட்டதோடு சரி.

"தெய்சோ சான்," என்றார் ஓரியே.

தெய்சோவுக்குக் காலைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பெட்டியை ஒரு சாண் இடப்பக்கம் திருப்பிப் போட்டார். உட்கார்ந்து, இடது காலை நீட்டி, வலது பாதத்தைப் பின்னால் இழுத்து விரல்களைத் தரையில் ஊன்றினார். வலது கை வாளை இழுக்கும் முன்பே இடது கை உறையைப் பின்னுக்குத் தள்ளியது.

சுருளின் மேல்பாதி தரையில் விழுந்தது. ஈரத்துணி விழுவதுபோல் ஒரு சத்தம்.

அவர் அதைக் கையில் எடுத்து வெட்டுவாயைப் பார்த்தார்.

"வளைந்திருக்கிறது. கரண்டி மாதிரி."

"ஆமாம், நல்ல வெட்டு இல்லை," என்றார் ஓரியே. "பெட்டியை எதற்குத் திருப்பினீர்கள்?"

"திருப்பாவிட்டால் உறை இடிக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று."

"நான் இடித்துக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்கலாமே," என்றார் தம்பி.

"நீ கேட்கவில்லையே."

தெய்சோ வாளைத் துடைத்து உறையில் போட்டார். பிறகு சுவரை நோக்கி நடந்தார். தன் பலகையைக் கழற்றினார். அதன் பின்னால் சுவர் வெளுப்பாக இருந்தது. இடுப்பிலிருந்து துணியை எடுத்தார்.

"வெட்டிவிட்டேன், சென்செய். ஆனால் மண்டியிடவில்லை."

"எனக்கு எழுபத்தொரு வயது," என்றார் நூயி, யாரையும் பார்க்காமல். "போன குளிர்காலத்திலிருந்து மண்டியிட்டு எழும்போது எண்ணெய் போடாத கதவுபோல் சத்தம் வருகிறது. நானும் அந்தப் பெட்டிக்கு வந்து சேரத்தான் போகிறேன். அப்போது யாரிடம் கேட்பது?"

தெய்சோ ஒரு கையில் பலகையும் மறு கையில் துணியுமாக நின்றார். விழாமல் நின்ற சுருள்களை அவர் கண் தானாகவே எண்ணியது.

ஓரியே பெட்டியில் மறுபடி உட்கார்ந்து, மரவாளைக் காலோடு வைத்துக் கட்டத் தொடங்கினார்.

"ஊறிய பாய் நாளைக்குள் காய்ந்துவிடும்," என்றார், முடிச்சைப் பார்த்துக்கொண்டே. "பலகையை மாட்டிவிட்டு வாருங்கள், சொல்லித்தர இரண்டு கையும் வேண்டும். இன்னும் ஆறு இருக்கிறது."